தறிக் கூடத்திலிருந்து சட்டம் வரை: தொழிலாளர் துறையில் அம்பேத்கர்

பம்பாய் பஞ்சாலைகளில் நூற்புப் பிரிவைவிடத் தறிப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் அந்தத் தறிப் பிரிவுக்குள் மகர்களைச் சேர்க்க மாட்டார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் எச்சில். தறியில் ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாவில் தார் தீர்ந்ததும் புதுத் தார் போட வேண்டும். புது நூலின் முனையை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே எடுக்க, அந்தக் காலத்து ஆலைகளில் நெசவாளி துளையில் வாயை வைத்து உறிஞ்சுவார். ஒரே நாடா பலர் கைக்கும் வாய்க்கும் போகும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் வாய் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அதனால் மகர்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே காலம் தள்ளினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நாடாவை வாயால் உறிஞ்சுவது யாருக்குமே நல்லதல்ல. பஞ்சுத் தூசியும் சாயமும் வாய்க்குள் போகும். ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கிலாந்தின் ஆலைகளில் அதற்கான விதி 1952-ல்தான் வந்தது. பம்பாயிலோ தொழிலாளர்கள் தீட்டைப் பற்றிச் சண்டை போட்டார்களே தவிர, நோயைப் பற்றி அல்ல.

இந்த ஆலைகளுக்கு நடுவே வளர்ந்தவர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். 1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். குடும்பம் பம்பாய்க்கு வந்தபோது குடியிருந்தது பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்களின் சால் எனப்படும் ஒண்டுக்குடித்தன வீட்டில். பின்னாளில் வழக்கறிஞராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனபிறகும் பல ஆண்டுகள் அவர் அதே பரேலில் ஒரு சாலில்தான் இருந்தார். காலையில் ஆலைச் சங்கு ஊதுவதும், பஞ்சுத் தூசியோடு ஆட்கள் திரும்பி வருவதும் அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல.

வேலை செய்யும் இடம் என்பது என்ன என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தது பரோடா. கெய்க்வாட் மன்னர் தந்த உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு லண்டன். 1917-ல் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா அரசு வேலையில் சேர்ந்தார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் தூரத்தில் நின்று மேசைமீது எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதிக்கு ஒரு நாள் கூட்டமாகத் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். ஊரில் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். அமெரிக்கப் பட்டம் பெற்ற பேராசிரியருக்கே இந்த நிலை என்றால், ஆலையில் பஞ்சு சுமந்தவர் தாகத்துக்கு என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1927 மார்ச் 20-ல் மகாடு குளத்தில் அவர் தண்ணீர் அள்ளிக் குடித்தது நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த ஆண்டு நடந்த இரண்டு காரியங்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒன்று பம்பாய் பஞ்சாலைகளின் மாபெரும் வேலைநிறுத்தம். 1928 ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தறியையும் கதிரையும் விட்டு வெளியே நின்றார்கள். போராட்டம் நீண்டபோது, வட்டிக்குக் கடன் வாங்கிச் சாப்பிட்ட தலித் குடும்பங்களின் நிலை அம்பேத்கரைக் கவலைப்படுத்தியது. சங்கத்தை நடத்திய கம்யூனிஸ்ட் தலைவர்களோடு அவர் மோதினார். தறிப் பிரிவில் தாழ்த்தப்பட்டவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள், இல்லையென்றால் எங்கள் ஆட்கள் உங்களோடு நிற்க மாட்டார்கள் என்ற நிலையை அவர் எடுத்தார். தலைவர்கள் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கோரிக்கையைப் பார்த்த ஆலை முதலாளிகள், இந்தத் தடையைப் போட்டது நாங்கள் அல்ல, உங்கள் தொழிலாளர்கள்தான் என்று கைகழுவினார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. கோரிக்கை காகிதத்தில் ஏறியதோடு தறிக் கூடத்தின் கதவு திறந்துவிடவில்லை. ஆனால் யாரை எந்த இயந்திரத்தின் முன் நிறுத்துகிறார்கள் என்ற கேள்வி அன்றுதான் ஒரு தொழிற்சங்கப் பட்டியலுக்குள் நுழைந்தது.

இரண்டாவது, அதே 1928-ல் பம்பாய் சட்ட மேலவையில் வந்த பேறுகால உதவி மசோதா. ஆலைப் பெண்களுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கூலியோடு ஓய்வு வேண்டும் என்று அதை ஆதரித்துப் பேசினார். தாய் ஓய்வெடுப்பது நாட்டுக்கே நன்மை, அதனால் அரசு செலவில் பங்கேற்க வேண்டும், அதுவரை பெண்களைக் குறைந்த கூலிக்கு வைத்து லாபம் பார்க்கும் முதலாளி அந்தச் சுமையை ஏற்பதில் தவறில்லை என்பது அவர் வாதம். மறு ஆண்டு அது சட்டமானது.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். பெயரிலேயே தொழிலாளர் என்று வைத்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடு ஊரில் ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் மாநாட்டில் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரண்டு எதிரிகள் என்று பேசியதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பேச்சின் வலுவான பகுதி அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரயில்வேயில் தலித்துகள் ஏன் தண்டவாளத்தில் கேங்மேன்களாக மட்டுமே இருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். ஸ்டேஷன் போர்ட்டர் வேலைக்கு அவர்களை எடுப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தலித்தை வீட்டுக்குள் விட முடியாது. பணிமனைகளில் மெக்கானிக் வேலையிலும் அவர்களைப் பார்ப்பது அரிது. வெயிலிலும் மழையிலும் வண்டி வரும் பாதையில் நிற்கும் வேலை யாருக்கு, நிழலில் நிற்கும் வேலை யாருக்கு என்பதைச் சாதி எப்படி முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே ஆண்டு நவம்பர் 7-ல், வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய பம்பாய் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம். பத்து ஆண்டுக்கு முன் மோதிய கம்யூனிஸ்டுகளோடு இப்போது தோளோடு தோள் நின்றார். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. வேலை செய்ய மாட்டேன் என்று சொல்வதைக் குற்றமாக்கினால் அது அடிமைமுறைக்குச் சமம் என்று சட்டமன்றத்தில் வாதாடினார். மசோதா நிறைவேறிவிட்டது.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய கணக்கில் மத்திய தொழிலாளர் அமைச்சர். அடுத்த மாதமே டெல்லியில் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்காரும் மாநாடு கூடியது. பிறகு நான்கு ஆண்டுகள் வேலைகள் வரிசையாக நடந்தன. 1943-ல் தொழிற்சங்கங்களுக்கு முதலாளி அங்கீகாரம் தரவேண்டும் என்ற மசோதாவை வைத்தார். அதே ஆண்டு தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்குத் திட்டம் தயாரிக்கப் பேராசிரியர் அதார்க்கர் நியமிக்கப்பட்டார். அவருடைய அறிக்கையிலிருந்துதான் 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தொடக்கமும் இந்தக் காலம்தான்.

நிலக்கரிச் சுரங்கங்களின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களில் வேலை செய்த பெண்களில் பெரும்பாலோர் பௌரி போன்ற தலித் சாதியினரும் சந்தால் பழங்குடியினரும். கணவன் வெட்ட, மனைவி கூடையில் சுமப்பாள். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குவது 1937-ல் முழுமையாகத் தடை செய்யப்பட்டிருந்தது. பன்னாட்டு ஒப்பந்தத்திலும் இந்தியா கையெழுத்திட்டிருந்தது. 1943-ல் போருக்கு நிலக்கரி போதவில்லை. ஆட்கள் சுரங்கத்தை விட்டு ராணுவக் கட்டுமான வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அரசு தடையை நீக்கிப் பெண்களை மறுபடி கீழே இறக்கியது. அந்த முடிவைச் சட்டசபையில் நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பு தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கர் மீது விழுந்தது.

1944 பிப்ரவரியில் இதைக் கண்டித்து விவாதம் வந்தது. ரேணுகா ராய் போன்றவர்கள் கடுமையாகப் பேசினார்கள். இது போர்க்காலத்துக்கு மட்டுமான ஏற்பாடு, ஆணுக்குத் தரும் கூலியே பெண்ணுக்கும் தரப்படும், கூரை தாழ்வான சுரங்கப் பாதைகளில் பெண்களை விடமாட்டார்கள் என்று அம்பேத்கர் பதில் சொன்னார். சம வேலைக்குச் சமக் கூலி என்பது அந்தச் சுரங்கங்களில் நிபந்தனையாக எழுதப்பட்டது. 1946 பிப்ரவரியில் தடை மறுபடி வந்தது, சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. ஆனாலும் இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் அந்தப் பெண்கள் இருட்டுக்குள் இறங்கினார்கள் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அண்ணலைத் தவறே செய்யாத தெய்வமாக்கிப் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போர் அரசாங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்து என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம்தான் உதவும்.

அந்த விவாதத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1943 டிசம்பரில், அவர் அந்தச் சுரங்கப் பகுதிக்கே போனார். நிலத்தடிக்கு இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தார். 1944 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் வந்தது. வெட்டி அனுப்பும் நிலக்கரிக்குத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் வீடு, மருத்துவம், தண்ணீர் தருவது அதன் நோக்கம். சுரங்கப் பெண்களின் பேறுகால உதவிச் சட்டம் திருத்தப்பட்டது. சுரங்க வாசலில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. நம் வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு இவை நேராகப் போய்ச் சேரவில்லை. கோலார் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் அந்த எல்லையில் நின்றுவிடும்.

தொழிற்சாலைச் சட்டத்துக்கு வருவோம். ஏப்ரல் 14 சுவரொட்டிகளில் 14 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கியவர் என்று அச்சடிக்கிறோம். கணக்கு அப்படி இல்லை. 1922 சட்டத்தில் வாரத்துக்கு 60 மணி நேரம் உச்சவரம்பு. 1934 சட்டத்தில் ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளுக்கு 54 மணி நேரம், நாளுக்கு 10. அம்பேத்கர் கொண்டுவந்து 1946 ஏப்ரலில் நிறைவேறிய திருத்தம் அதை வாரத்துக்கு 48, நாளுக்கு 9 என்று குறைத்தது. பருவகால ஆலைகளுக்கு 60-லிருந்து 50. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அதற்கு முந்தைய ஆண்டு, ஓராண்டு வேலை செய்த தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 10 நாள் விடுமுறை என்ற திருத்தம் வந்தது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் குறைந்தது சிறிய காரியமா? ஆலை வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். உண்மையான கணக்கே அவருக்குப் போதிய பெருமை, நாம் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

1946 நடுவில் அந்த நிர்வாகக் குழு கலைந்தது. செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் தொழிலாளர் துறைக்கு வந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். அவரும் தலித். பள்ளியில் தீண்டத்தகாதவர்களுக்கென்று தனியாக வைத்த பானையை உடைத்தவர். இ.எஸ்.ஐ. சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், புதிய தொழிற்சாலைச் சட்டம் மூன்றும் 1948-ல் அவர் காலத்தில் நிறைவேறின. அதற்குள் அம்பேத்கர் சட்ட அமைச்சர், அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவர். தீண்டாமை ஒழிப்பு 17-வது பிரிவிலும், கட்டாய உழைப்புக்குத் தடை 23-லும், 14 வயதுக்குட்பட்டவர்களை ஆலையிலும் சுரங்கத்திலும் வைக்கக் கூடாது என்பது 24-லும் வந்தன. இவை அடிப்படை உரிமைகள். மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலும் பேறுகால உதவியும் வேண்டும் என்ற 42-வது பிரிவு வழிகாட்டும் நெறிகளில் இருப்பதால், அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க முடியாது. 1956 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார்.

அவர் தொட்ட சட்டங்கள் அதன்பிறகும் மாறிக்கொண்டே வந்தன. அவற்றைப் படிக்கிற மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வரையறைப் பிரிவை. சட்டம் யாருக்கு என்பதை அதுதான் சொல்லும். 1934 சட்டத்தில் மின்விசையோடு 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 1948 சட்டம் அதை 10 பேர் என்று இறக்கி, பல சிறிய பட்டறைகளை உள்ளே கொண்டுவந்தது. குடிநீர், கழிப்பறை, காற்று, வெளிச்சம், இயந்திரத்துக்குத் தடுப்பு, முதலுதவி எல்லாம் அதன்படி கட்டாயமாயின. 2020-ல் நாடாளுமன்றம் 13 சட்டங்களை ஒன்றாக்கி நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, தொழிற்சாலைக்கான எண்ணிக்கையை மறுபடி 20 ஆக்கிவிட்டது. மின்விசை இல்லையென்றால் 40. எண்ணை மாற்றினால் போதும், ஆயிரக்கணக்கான பட்டறைகள் அந்த வரையறைக்கு வெளியே போய்விடும்.

கணினி இந்தக் கதைக்குள் வருவதும் வரையறை வழியாகத்தான். 1984 போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் பெரிதாகத் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களுக்குத் தனி அத்தியாயம் சேர்ந்தது. அதே திருத்தத்தில் ஒரு சின்ன விளக்கமும் சேர்ந்தது: உற்பத்தி எதுவும் நடக்காத இடத்தில் கணினி வைத்திருப்பதாலேயே அது தொழிற்சாலை ஆகிவிடாது. அன்றைக்குக் கணினி அறை என்பது வங்கியிலோ பெரிய அலுவலகத்திலோ இருந்த குளிரூட்டிய ஓர் அறை. இன்று நம் காலனிகளில் முதல் பட்டதாரியாகப் படித்து வெளியே வரும் பிள்ளைகள் பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு ஷிப்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களில் மாடி அறையில் டேட்டா என்ட்ரி செய்கிறார்கள். கண் எரிச்சல், கழுத்து வலி, மணிக்கட்டு வலி, தூக்கம் கெடுவது எல்லாம் உண்டு. கை துண்டாகும் ஆலை விபத்தைப்போல இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் 1992 முதல் கணினித் திரை வேலைக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. நாற்காலி, மேசை, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று முதலாளி சோதிக்க வேண்டும், இடையிடையே திரையை விட்டு விலக நேரம் தரவேண்டும், தொழிலாளி கேட்டால் கண் பரிசோதனைச் செலவை ஏற்க வேண்டும்.

நம் ஊரில் இந்த வேலைகளுக்குப் பொருந்துவது 1947-ன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அதிலும் உண்டு. 2021-ல் அதில் சேர்த்த பிரிவு, கடை ஊழியர் அனைவருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்கிறது. நாள் முழுவதும் நின்ற ஜவுளிக்கடைப் பெண்கள் கேட்டு வாங்கியது அது. 2020 தொகுப்பு, 10 தொழிலாளருக்குக் குறையாத எந்த நிறுவனத்தையும் தன் வரம்புக்குள் எடுக்கிறது. அந்த அளவில் கணினி அலுவலகமும் உள்ளே வரும். ஏழெட்டுப் பேர் உட்காரும் மாடி அறை வராது.

அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வேறு ஒரு வரிசையும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் நம் பிள்ளைகள் சிலரே. தரை துடைப்பவர், கழிப்பறை கழுவுபவர், கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவர் என்று கீழே வந்தால் பெரும்பாலும் நம் ஆட்கள், அதுவும் ஒப்பந்ததாரரின் கணக்கில். மன்மாட்டில் ரயில்வேயைப் பற்றி அவர் விளக்கிய அதே ஏற்பாடு. மலக்குழியில் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. இந்தத் தொகை உரிமை, யாருடைய கருணையும் இல்லை என்று நம் ஊர்களில் இன்னும் பலருக்குத் தெரியாது.

1946-ல் குறைந்த அந்த வேலை நேரத்தின்மீதும் கை வைக்கப் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

மாடி அறையில் கணினி முன்னால் உட்காரும் தம்பி தங்கைகள் இரண்டு காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேலை நியமனக் கடிதம். இன்னொன்று சம்பளச் சீட்டு. இரண்டையும் தர மறுத்தால், வேலை நேரத்தை ஒரு நோட்டில் தேதி போட்டுத் தினமும் எழுதி வையுங்கள். 8 மணி நேரத்துக்கு மேல் போனால், கூடுதல் கூலி வராவிட்டால், மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். ஆலையில் வேலை செய்பவருக்கு அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம். மனுவின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.